எட்டு மெட்டும் ஒரு மாசானமும்

ஜூன் 3, திங்கள்

இந்த டைரி என் மனைவி லில்லி புஷ்பத்துடையது. ஜனவரியிலிருந்து மே வரை மீன் குழம்பு, உளுந்தங்களி, மூட்டுவலித் தைலம் என்று அவள் கையெழுத்தில் நிரம்பிக் கிடக்கிறது. இன்று மத்தியானம் ஜூன் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தாள். அதன்மேல் ஒரு பேனாவையும் வைத்தாள்.

“இனிமே என்ன சொல்லணும்னாலும் இதுல எழுதுங்க. நான் சாயங்காலம் வாசிச்சுக்கிடுதேன்.”

காரணம், காலையில் தொண்டை டாக்டர் சொன்னது. என் குரல் நாணில் ஒரு கட்டி இருக்கிறதாம். கடுகளவு. ஜூலை ஐந்தாம் தேதி அறுவை. அதுவரை பாடுவதற்குத் தவிர வாயைத் திறக்கக் கூடாது. அதையும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

“ஆபரேஷனுக்கு அப்புறம் குரல் வருமா டாக்டர்?” என்று கேட்டேன்.

“வரும். ஆனா எந்தக் குரல் வரும்னு நான் வாக்குக் குடுக்க முடியாது” என்றார்.

ஆட்டோவில் வரும்போது லில்லி, கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்றாள். நான் பதில் சொல்லவில்லை. சொல்லக் கூடாதே.

ஆக, ஞானசிகாமணி ஆகிய நான், வயது அறுபத்தொன்பது, ‘தேரிக்காத்து’ (தேரி என்றால் எங்கள் பக்கத்துச் செம்மணல் மேடு) இசைக்குழுவின் பாடகன், இசையமைப்பாளன், கித்தார்க்காரன், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், முடிவு செய்திருக்கிறேன். ஜூலை ஐந்துக்குள் என் சொந்தக் குரலில் ஒரு புது ஆல்பம் பாடி முடித்துவிட வேண்டும். எட்டு மெட்டு தயாராக இருக்கிறது. ஒரு மெட்டுக்கும் வார்த்தை இல்லை.

எனக்குப் பயம் எதுவும் இல்லை.

ஜூன் 4, செவ்வாய்

ஹெப்சிபாவின் ஸ்டுடியோவுக்குப் போனேன். பாளையங்கோட்டையில் ஒரு கிரைண்டர் கடைக்கு மேல் மாடி. கீழே யாராவது கிரைண்டரை ஓட்டிப் பார்த்தால் மேலே பதிவை நிறுத்த வேண்டும். பெண்ணுக்கு வயது இருபத்தேழு. காதுள்ள பெண். என் கித்தாரின் மூன்றாம் தந்தி மயிரிழை இறங்கியிருப்பதை எனக்கு முன்னால் அவள் சொல்லிவிட்டாள். அதை மன்னித்துவிட்டேன்.

இரண்டு மெட்டைப் பாடி வைத்தேன். இங்கே ஒரு விளக்கம் தேவை. எங்கள் குழுவில் மெட்டுதான் முதலில் பிறக்கும். அதற்குச் சொல் கிடைக்கும்வரை வாயில் வந்ததைப் போட்டுப் பாடுவது வழக்கம். மற்றவர்கள் தனனான போடுவார்கள். நான் வசவு போடுவேன். எங்கள் பாட்டையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தவன் மாசானமுத்து என்று ஒருவன். ஒரு பாட்டுக்கு ஒரு மாதம் எடுப்பான். அதனால் அவனைத் திட்டியே மெட்டைப் பாடி கேசட்டில் அனுப்புவேன். கேட்டுக் கொதித்துப்போய் மறுநாளே எழுதி அனுப்பிவிடுவான். ஆறு கேசட் இப்படித்தான் வந்தது.

இன்றைக்கும் பழக்கதோஷத்தில், “எரும மாடே மாசானம், எங்கல போன மாசானம்” என்று வந்துவிட்டது. இரண்டாவது மெட்டில், “வெளங்காப் பயலே மாசானம்.”

ஹெப்சிபா கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். “மாசானம் யாரு சார்?”

யாருமில்லை என்று கையசைத்தேன். அந்தப் பெயர் தாளத்தில் நன்றாக உட்காரும். அதற்காகத்தான். வேறு காரணம் எதுவும் இல்லை.

ஜூன் 6, வியாழன்

நானே எழுதுவது என்று உட்கார்ந்தேன். காலை ஆறிலிருந்து பதினொன்று வரை. கிடைத்தது ஒரு வரி: ‘காற்றே காற்றே எங்கே போகிறாய்.’

லில்லி வாசித்துவிட்டு, “தென்மேற்கேருந்து வடகிழக்கேன்னு நியூஸ்ல சொன்னானே” என்றாள்.

ஜூன் 9, ஞாயிறு

கோயிலில் ஞானப்பாட்டுக்கு வாயை மட்டும் அசைத்தேன். ஆராதனை முடிந்ததும் பக்கத்தில் நின்றவர் கையைப் பிடித்து, இன்று மிக நன்றாகப் பாடினீர்கள் என்றார்.

ஜூன் 11, செவ்வாய்

எட்டு மெட்டையும் வசவு போட்டுப் பாடி முடித்தாயிற்று. குரல் இன்னும் நிற்கிறது. மேல்ஸ்தாயியில் மட்டும் கொஞ்சம் உமி கலந்த மாதிரி இருக்கிறது.

மத்தியானம் லில்லி முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, “எழுதத் தெரிஞ்சவங்க அம்பாசமுத்திரத்துல இருக்காங்க. முப்பத்தஞ்சு கிலோமீட்டர்தான்” என்றாள். சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

லில்லிக்கு அம்பாசமுத்திரத்தில் யாரோ ஓர் அக்கா உண்டு. வருடக்கணக்காகப் போனில் பேசிக்கொள்கிறார்கள். இந்த டைரியில் இருக்கும் உளுந்தங்களிகூட அந்த அக்கா சொன்னதுதான். அந்த அக்கா யார் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் தெரிந்துவிடும்.

இந்த விஷயத்தை ஒரேயடியாக எழுதி முடித்துவிடுகிறேன், பிறகு யாரும் கேட்க வேண்டாம். 1986, செப்டம்பர் 14, ஞாயிறு. அம்பாசமுத்திரத்தில் மாசானமுத்துவின் கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை வரவேற்பு. எங்கள் கச்சேரி. ஏழேகால் மணிக்கு மூன்றாவது பாட்டு. முன்வரிசையில் அவன் மாமனார், ஹெட்மாஸ்டர், அங்கவஸ்திரம் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் மாசானம், பட்டு வேட்டி, ரோஜாப்பூ மாலை. மாமனார் குனிந்து அவனிடம் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நான் இரண்டாவது சரணத்துக்கு வந்தேன். வரி மறந்துவிட்டது. மேடையில் நிற்கிறவன் என்ன செய்வான்? வாயில் வந்ததைப் பாடினேன். வந்தது பழைய வசவு. மாப்பிள்ளையை எருமை, களவாணி, ஒன்றுக்கும் உதவாதவன் என்று மைக்கில், உறுமியோடும் தவிலோடும், ஒரு முழுச் சரணம். மாமனார் எழுந்து போனார். அவர் பின்னால் மூன்று வரிசை எழுந்து போனது. கல்யாணம் நிற்கப் போகிறது என்று பேச்சு. நான் ஒன்பது நாற்பது பஸ்ஸில் ஊருக்கு வந்துவிட்டேன். கல்யாணம் நடந்தது. குழு நடக்கவில்லை. அதன்பிறகு நாங்கள் பேசவில்லை.

மறதி எனக்குப் பிறவிக் குணம். அதற்கு யார் என்ன செய்ய முடியும்?

(இதன் கீழே லில்லியின் கையெழுத்து: முப்பத்தெட்டு வருசத்துக்கு முந்தி ஏறின பஸ் நேரம் ஞாபகம் இருக்கிறவருக்கு மறதி பிறவிக் குணமாம். நம்பிட்டேன். ராத்திரிக்கு தோசை.)

ஜூன் 12, புதன்

ஹெப்சிபா ஒரு கவிஞரைப் பிடித்துக் கொடுத்தாள். பெயர் நெய்தல் கதிரொளி. முப்பது வயது, தாடி, தோளில் ஜோல்னாப் பை. என் பழைய கேசட் பாட்டெல்லாம் மனப்பாடமாம். எட்டு மெட்டையும் போனில் வாங்கிக்கொண்டு, கண்ணை மூடி முதல் மெட்டைக் கேட்டார். கண்ணில் நீர் வந்தது.

“புரிஞ்சுது அய்யா. எனக்குப் புரிஞ்சுது” என்றார்.

என்ன புரிந்தது என்று கேட்க எனக்குத்தான் வாய் இல்லையே. ஒரு வாரம் கேட்டிருக்கிறார்.

ஜூன் 15, சனி

பேசாமல் இருப்பதில் உள்ள கஷ்டம்: பால்காரரிடம் சண்டை போட முடியவில்லை. எழுதிக் காட்டினேன். ‘நேற்று பால் தண்ணீராக இருந்தது.’ அவர் வாசித்துவிட்டு, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டார்.

இந்த வீட்டில் நாற்பது வருடத்தில் இப்படி ஒரு நிம்மதி இருந்ததில்லை என்று லில்லி பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பேச்சுத்தான் நின்றிருக்கிறது, காது நன்றாகக் கேட்கிறது.

ஜூன் 20, வியாழன்

கதிரொளி எட்டுப் பாட்டும் எழுதிக்கொண்டு வந்துவிட்டார். அழகாக அச்சடித்து, நூல் கோத்து, மேலே தலைப்பு: ‘கருங்கொம்பு: ஒரு மரண கீதம்.’

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“அய்யா, எட்டு மெட்டுலயும் எருமை வருது. எமனோட வாகனம். எட்டுலயும் மாசானம் வருது. சுடுகாட்டுச் சாமி. எங்கல போன, எப்பல வருவன்னு நீங்க சாவைக் கூப்புடுதீங்க. நம்ம மண்ணுல எவனும் இப்படிப் பாடுனது இல்ல. வயசான கலைஞனோட கடைசி ஆல்பம்னா இதுதான் அய்யா!”

முதல் பாட்டு இப்படித் தொடங்குகிறது:

எருமையே, யுகங்களின் ஈரமே,
என்னை ஏற்றிச் செல்ல வந்த பாரமே...

ஜூலை ஐந்தாம் தேதி மயக்க ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவன் கையில் இதைக் கொடுத்துவிட்டு, அந்த மனிதர் முழங்காலைத் தொட்டுக் கும்பிட்டார். திட்டலாம் என்றால் பேசக் கூடாது. எழுதித் திட்டலாம் என்றால் அவர் முகத்தில் அவ்வளவு பக்தி. ‘நன்றி’ என்று எழுதிக் கொடுத்தேன். அதையும் பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

லில்லி நாலாவது பாட்டுவரை வாசித்தாள். “ஆபரேசனுக்கு முந்தி இதப் பாடுனீங்கன்னா நான் அம்பாசமுத்திரத்துக்குப் போயிருவேன்” என்றாள்.

ஜூன் 23, ஞாயிறு

வேறு வழியில்லாமல் பாடிப் பார்த்தேன். எருமையைக் கருமேகமாக மாற்றிக்கொண்டேன். மூன்று முறை பாடியும் உயிர் வரவில்லை. நாலாவது முறை ‘யுகங்களின்’ என்ற இடத்தில் குரல் உடைந்து, சத்தமே வராமல் காற்று மட்டும் வந்தது. ஹெப்சிபா எழுந்து நின்றுவிட்டாள்.

பத்து நிமிடம் கழித்துக் குரல் திரும்பியது. ஆனால் அந்தப் பத்து நிமிடம் நான் எதையெல்லாம் யோசித்தேன் என்று இங்கே எழுதப் போவதில்லை.

வெந்நீர் குடித்தோம். பிறகு அவள் என் பழைய பதிவை, அந்த வசவுப் பதிவை, போட்டுக் காட்டினாள்.

“சார், தப்பா நினைக்காதீங்க. இதுல நீங்க பாடுத மாதிரி அந்தக் கவிதையில பாடவே மாட்டேங்கீங்க. இதுல யாரையோ நேருக்கு நேர் பாத்துப் பாடுதீங்க.”

தாளத்துக்கு உட்காரும் பெயர் அம்மா அது, என்று எழுதிக் காட்டினேன்.

ஜூன் 25, செவ்வாய்

பத்து நாள்தான் இருக்கிறது. எட்டுப் பாட்டுக்கு வார்த்தை இல்லை. குரல் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் தாங்குகிறது. லில்லி என்னவென்றால் வியாழக்கிழமை சாப்பாட்டுக்கு ஆள் வருகிறது என்று வஞ்சிர மீனுக்குச் சொல்லிவைத்திருக்கிறாள். யார் என்று கேட்டேன், எழுத்தில்தான்.

“வந்தா தெரியும்” என்றாள்.

முகம் சவரம் செய்துகொள்ளவும் சொன்னாள்.

ஜூன் 27, வியாழன்

மாசானமுத்து வந்தான்.

முதலில் ஒன்றைப் பதிவு செய்துவிடுகிறேன். அவனுக்கு முடி முழுக்கக் கொட்டிவிட்டது. எனக்கு இருக்கிறது.

பதினொன்றரைக்கு வாசலில் செருப்புச் சத்தம். அவன் மனைவி பிரமாச்சி முன்னால் வந்தாள். லில்லியும் அவளும் நேற்றுத்தான் பார்த்தவர்கள் மாதிரி, “கீர ஆஞ்சாச்சா?” என்று பேசிக்கொண்டே அடுக்களைக்குள் போய்விட்டார்கள். முப்பத்தெட்டு வருடமாக உளுந்தங்களி எந்த வழியாக வந்தது என்பதில் இனிமேல் நான் சந்தேகப்பட இடமில்லை.

அவன் நடு அறையில் நின்றான். நான் கித்தாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்காமல் மூன்றாம் தந்தியை முறுக்கினேன்.

“ஏல சிகா. எட்டுப் பாட்டு. எட்டுலயும் என்னய வைஞ்சிருக்க. கேட்டேன். பிரமாச்சி போன்ல லில்லி அனுப்பியிருந்தா.” நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “முப்பத்தெட்டு வருசத்துல ஒரு புது வசவு கூடவால கத்துக்கிடல? அதே எரும, அதே களவாணி. வாத்தியார் வேல பாத்திருக்க, பிள்ளைகள்ட்ட கேட்டாலும் நாலு சொல்லிக் குடுத்திருக்கும்.”

பேசக் கூடாது என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினேன்.

“தெரியும். அதான் வந்தேன். நீ பேச முடியாத நேரமாப் பாத்து வந்தாத்தான் நான் ரெண்டு வார்த்த பேச முடியும்.”

இந்த டைரியை எடுத்து, ‘சாப்பிடுகிறாயா’ என்று எழுதினேன். முப்பத்தெட்டு வருடம் கழித்து ஒருவனிடம் சொல்ல எனக்குக் கிடைத்தது அந்த ஒரு வார்த்தைதான்.

அவன் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்து மேஜையில் வைத்தான். எட்டு மெட்டுக்கும் எட்டுப் பாட்டு. ஒரு பாட்டுக்கு ஒரு மாதம் எடுக்கிறவன் எட்டையும் பன்னிரண்டு நாளில் எழுதியிருக்கிறான். வசவைக் கேட்டதும் கை அரிக்கத் தொடங்கிவிட்டதாம். இரண்டாவது பாட்டை எடுத்தேன்:

மூட்டு மூட்டா வலிக்குதுன்னு
முக்கி முக்கி ஏறி நின்னேன்
சேக்காளி தேரிமணல்
செத்த நேரம் நில்லுன்னுச்சு
வயசென்னன்னு கேக்கலியே
வந்தியான்னு கேட்டுச்சே.

கித்தாரில் போட்டுப் பார்த்தேன். ஓர் இடத்தில்கூடத் தட்டவில்லை. மூச்சு எங்கே எடுப்பேன், எங்கே இழுப்பேன் என்று எனக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எழுந்து கொல்லைப்புறம் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி இருக்கிறதா என்று பார்க்கப் போனதாக எழுதிக்கொள்கிறேன்.

திரும்பி வந்தபோது அவன் இந்த டைரியை மடியில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தான். ஜூன் 11. லில்லிதான் பக்கத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். முழுவதும் வாசித்தான். மூடினான். மீன் நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னான், போகும்போது.

ஜூன் 29, சனி

இரண்டு பாட்டு முடிந்தது. குரல் தாங்கியது. கீழே கிரைண்டர் கடையில் ஏதோ தள்ளுபடி விற்பனை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டினார்கள். மாசானம் இறங்கிப் போய் என்ன சொன்னானோ, அதன்பிறகு சத்தம் இல்லை. ஹெப்சிபா கேட்டதற்கு, “மேல ஒருத்தர் சாகக் கெடக்காருன்னு சொன்னேம்மா” என்றான். எனக்குக் கோபம் வந்தது. பாடல் நன்றாக வந்துவிட்டதால் விட்டுவிட்டேன்.

ஜூலை 1, திங்கள்

ஆறு முடிந்தது. கதிரொளி வந்து கேட்டுக்கொண்டிருந்தார். மாசானத்தை அறிமுகப்படுத்தினேன், எழுத்தில். அவர் பெயரைப் படித்துவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தார். பாவம், தெய்வத்தை ஜிப்பாவில் எதிர்பார்க்கவில்லை. பிறகு மரண கீதத்தைத் தனிப் புத்தகமாகப் போட அனுமதி கேட்டார். தாராளமாக என்று இருவரும் தலையாட்டினோம்.

ஜூலை 2, செவ்வாய்

எட்டும் முடிந்தது!

முடிந்த கையோடு மாசானம் இன்னொரு தாளை நீட்டினான். ஒன்பதாவது பாட்டு. இதற்கு மெட்டு இல்லை. எங்கள் வாழ்க்கையில் சொல் முன்னால் வந்து மெட்டு பின்னால் போனது கிடையாது.

“நீ எங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். கேக்க மாட்ட. கேக்கவும் தெரியாது. உனக்கு வேண்டிய வார்த்தைய என்னைக்கும் நாந்தான எழுதிக் குடுத்திருக்கேன்? இதையும் நானே எழுதிட்டேன். மெட்டுப் போட்டுப் பாடு. ஒரு எழுத்து மாத்தக் கூடாது. மாத்துனா எட்டுப் பாட்டையும் தூக்கிட்டுப் போயிருவேன்.”

எழுதியிருந்தது இது:

பட்டு வேட்டி மாப்பிள்ளைய
பந்தலிலே வச்சுக்கிட்டு
சொல்லக்கூடாச் சொல்லையெல்லாம்
சொல்லிப்புட்டேன் மாப்பிள்ளை.
மறந்துபோய்ப் பாடிப்புட்டேன் மாப்பிள்ளை - நீ
மனசுக்குள்ள வச்சுக்காத மாப்பிள்ளை.

இதுபோல மூன்று சரணம். ஒவ்வொன்றுக்குப் பிறகும் அந்தக் கடைசி இரண்டு அடி.

நல்ல பாட்டு. என் கௌரவத்துக்கு இழுக்கு வராத பாட்டு. வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஜூலை 3, புதன்

மெட்டு வரவில்லை. முதல் நாலு அடிக்கு வருகிறது. ‘மறந்துபோய்’ என்ற இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிடுகிறது. ஆறு விதமாகப் போட்டுப் பார்த்தேன். ஆறும் பொய்யாகக் கேட்கிறது.

லில்லி வந்து பார்த்தாள். “அந்த எடத்துல என்ன கோளாறு?”

தாளக் கோளாறு என்று எழுதினேன்.

அவள் அதை வாசித்துவிட்டு, பேனாவை என் கையில் திரும்ப வைத்துவிட்டுப் போனாள்.

ஜூலை 4, வியாழன்

இதை வீட்டுக்கு வந்ததும் எழுதுகிறேன். மணி மாலை நாலு.

காலை பத்தரைக்கு ஸ்டுடியோ. சாதாரணமான ஒரு மெட்டுதான், நடந்து போகிறவன் முணுமுணுக்கிற மாதிரி. கித்தார் மட்டும். குரல் அதிக நேரம் தாங்காது என்பதால் ஒரே டேக் என்று முடிவு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெப்சிபா, பக்கத்தில் மாசானம், கையில் தாள். ஒரு எழுத்து மாறுகிறதா என்று பரீட்சைத்தாள் திருத்துகிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

முதல் சரணம். எழுதினபடி, ‘மறந்துபோய்ப் பாடிப்புட்டேன்.’ இரண்டாவது சரணம். எழுதினபடி. மூன்றாவதில் குரல் உடையத் தொடங்கியது. இதுதான் கடைசி, நாளைக்குப் பிறகு இந்தக் குரல் இருக்காது என்று தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவன் தாளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மறக்காமப் பாடிப்புட்டேன் மாப்பிள்ளை” என்று பாடினேன்.

வேண்டுமென்றுதான் பாடினேன். அடுத்த அடியையும் பாடி முடித்தேன். கித்தார் ஓசை அடங்கியது.

ஹெப்சிபா ஒலிபெருக்கியில் மெதுவாகச் சொன்னாள். “சார், ரொம்ப நல்லா இருந்துச்சு. கடைசியில மட்டும் ஒரு வார்த்தை மாறிட்டு. தொண்டை தாங்கும்னா அந்த ஒரு எடத்த மட்டும்...”

“வேண்டாம்மா” என்றான் மாசானம். “அவனுக்கு அது தானா மாறல.”

எழுந்து வெளியே போய்விட்டான். நான் பின்னால் போனேன். மாடிப்படியில், கிரைண்டர் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். டாக்டர் சொன்னதை மீறிப் பேசினேன். முப்பத்தெட்டு வருடம் கழித்து அவனிடம் என் வாயால் முதலில் பேசினது இது.

“உன் மாமனார் சொன்னாருல்லா, கல்யாணத்தோட இந்தக் கூத்தெல்லாம் முடிஞ்சுது மாப்பிள்ளன்னு. மேளம் ஓஞ்ச எடத்துல மேடைக்குக் கேட்டுச்சு. நீ தலைய ஆட்டுன. நான் பாத்தேன்.”

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். “இதுக்காகவால?”

“நீ சரின்னு தலைய ஆட்டுனல?”

“ஏல, பசிச்சுதுல. காலையிலேருந்து ஒண்ணும் திங்க விடல. அந்த மனுசன் பேசி முடிச்சா பந்திக்குப் போலாம்னு ஆட்டினேன். தங்கச்சிக்கு மாப்ள பாருங்கன்னாரு, அதுக்கும் ஆட்டினேன். எங்க ஊர்ல மழையே இல்லன்னாரு, அதுக்கும் ஆட்டினேன்.”

நான் அவன் பக்கத்துப் படியில் உட்கார்ந்தேன். ஒரு தலையாட்டலுக்கு முப்பத்தெட்டு வருடம். இன்னும் ஒரு பத்துக் கேசட்டாவது போட்டிருப்போம். அவன் பிள்ளைகளுக்குப் பேர் வைக்கும்போது போயிருப்பேன். என் அம்மா அடக்கத்துக்கு அவன் வந்திருப்பான். அழுதேன். கம்பளிப்பூச்சி எதையும் பார்க்கப் போகவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே அழுதேன்.

“தெரியும்ல” என்றான். “நீ வரி மறக்கல்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். நான் எழுதுனதுல ஒரு சொல்ல நீ என்னைக்கு மறந்திருக்க? மறந்துட்டான், பய குடிச்சிருப்பான், மன்னிச்சிருங்க மாமான்னு அவரு கால்ல விழுந்தது நாந்தான். அதச் சொல்லித்தான் மறுநா தாலி கட்டினேன். நீ மறந்துட்டங்கிறது நான் எழுதுன வரிதான். ஊரெல்லாம் அதப் பாடுச்சு, நீயும் பாடுன. உன் டைரிலயும் அதத்தான் எழுதி வச்சிருக்க.”

“பொறவு எதுக்கு அதையே பாட்டுல எழுதுன?”

“நீ மாத்துதியான்னு பாக்க.”

“மாத்துனா எட்டையும் தூக்கிட்டுப் போயிருவேன்னியே?”

“அது சும்மா.” ஜிப்பாவில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “மாத்தாம விட்டிருந்தா தூக்கிட்டுப் போயிருப்பேன்.”

கீழே யாரோ கிரைண்டரை ஓட்டினார்கள். அது நிற்கும்வரை இருவரும் படியிலேயே உட்கார்ந்திருந்தோம்.

ஜூலை 5, வெள்ளி

ஆஸ்பத்திரி. இன்னும் ஒரு மணி நேரத்தில் உள்ளே கூப்பிடுவார்கள். லில்லி ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறாள். பிரமாச்சி திருநீறோடு வந்திருக்கிறாள். இரண்டும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன், எழுத்தில்.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஜூன் மூன்றாம் தேதி வேறு மாதிரி எழுதியிருந்தால் அதைத் திருத்தி வாசித்துக்கொள்ளவும்.

மாசானம் ஆல்பத்தின் அட்டையில் அச்சடிக்க வேண்டிய விவரத்தை எழுதிக்கொண்டு வந்து, கண்ணாடியைப் போட்டுச் சரிபார்க்கச் சொன்னான். இசை, குரல் என்பதற்கு நேரே என் பெயர். அதன்கீழே இப்படி:

பாடல்கள்: மாசானமுத்து.
ஒரு சொல் மட்டும்: ஞானசிகாமணி.